போர்டு விழுகிறது, லைட் மங்குகிறது, மைக் ஷாக் அடிக்கிறது: திருவிழாப் பந்தலில் எங்கிருந்து பார்ப்பது

மதுரையைச் சுற்றி சித்திரையில் வெளியே போகும் எங்கள் கரண்ட் போர்டுகள் ஆடி முடிகிறவரை வீட்டுக்கு வருவதே அபூர்வம். மேலூர்ப் பக்கம் பொங்கல் முடிந்தால் உசிலம்பட்டிப் பக்கம் முளைப்பாரி, அங்கிருந்து நேராகத் திருமங்கலத்தில் கல்யாணம். ராத்திரி 11 மணிக்கு போன் வந்தால் பாதி விஷயம் எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் பழுது மொத்தமே ஏழெட்டுதான், அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். மைக் செட் பையன்கள், லைட்காரர்கள், விழாக் கமிட்டியில் கரண்ட் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள், எல்லோருக்கும்தான்.

போர்டு என்று நான் சொல்வது, 63 ஆம்பியர் 5 பின் சிவப்பு பிளக்கில் மூன்று பேஸ் உள்ளே வந்து, ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழுகிற டிரிப்பர்), எம்.சி.பி. (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழுகிற சுவிட்ச்) வழியாக 16, 32 ஆம்பியர் சாக்கெட்டுகளாக வெளியே போகிற, தூக்கிக்கொண்டு போகும் பெட்டியை. மரப்பலகையில் நாலு பிளக் பாயிண்டை அறைந்து நடுவில் ஒரு ப்யூஸ் வைத்ததையும் சிலர் போர்டு என்கிறார்கள். அதற்கு இதில் வைத்தியம் கிடையாது, அடுப்புக்குப் போடலாம்.

பையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டாங் டெஸ்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டுகிற மீட்டர்), ஒரு டார்ச் இருக்க வேண்டும். சட்டைப் பாக்கெட்டில் செருகியிருக்கும் நியான் டெஸ்டரை நம்பிக் கை வைக்காதீர்கள். பக்கத்து ஒயரின் தூண்டலுக்கும் அது எரியும், நியூட்ரல் அறுந்திருந்தால் அது சொல்லாது. மீட்டரையும் முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு சந்தேக இடத்தில் பார்த்து, மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் பாருங்கள். நடுவில் மீட்டர் பேட்டரி செத்து "கரண்ட் இல்லை" என்று பொய் சொன்ன கதை உண்டு.

ஒன்று மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. கீழே சொல்லும் வோல்டேஜ் அளவுகளை எல்லாம் மூடியைத் திறக்காமல் வெளியே சாக்கெட்டில் வைத்தே எடுக்கலாம். மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் மெயினை இறக்கினால் போதாது, உள்ளே வருகிற 5 பின் பிளக்கையே கழற்றி உங்கள் காலடியில் போட்டுக்கொண்டு திறங்கள். மெயினுக்கு முந்தைய முனையில் கரண்ட் அப்படியேதான் இருக்கும். அது போக, "ஏன்ணே லைட் போச்சு?" என்று கேட்டுக்கொண்டே மெயினைத் தூக்கிவிட ஒரு புண்ணியவான் எந்த ஊரிலும் இருப்பார்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

இதுதான் பத்தில் ஆறு போன். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான்: "அண்ணே, டிரிப்பர் நிக்க மாட்டேங்குது, நேர்ல குடுத்துரட்டுமா?" டிரிப்பரைத் தவிர்த்து நேராக ஒயரை இணைத்துவிடட்டுமா என்று கேட்கிறான். வேண்டாம் தம்பி. அது விழுகிறது என்றால் எங்கோ ஓர் இடத்தில் கரண்ட் போகக் கூடாத வழியில் போகிறது. அந்த வழி ஓர் ஆளாக இருந்துவிட்டால்?

தூக்கியவுடனே விழுந்தால்

எம்.சி.பி.களை எல்லாம் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிப் பார்ப்பார்கள், அப்போதும் விழும், உடனே "ஆர்.சி.சி.பி. போச்சு" என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும். ஒற்றை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். வெளியே ஓர் ஒயரில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும். அதனால் பிளக்குகளைக் கழற்றுங்கள். எல்லாவற்றையும், ஒன்று விடாமல்.

எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால் கோளாறு பெட்டிக்குள். தண்ணீர் ஏறியிருக்கலாம், நியூட்ரல் ஒயர் தோலுரிந்து பாடியைத் தொடலாம், ஆர்.சி.சி.பி.யே செத்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் போர்டை மாற்றுவதுதான் வழி. பந்தலில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் நோண்டுகிற வேலை வேண்டாம்.

கழற்றியதும் நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அந்த லைனைத் தனியே வைத்துவிட்டு மற்றதை ஓட்டுங்கள், கூட்டம் இருட்டில் நிற்க வேண்டாம். பிறகு அந்த லைனில் மலிவான காரணத்திலிருந்து வாருங்கள். முதலில் சீரியல் செட். வேப்பமரத்தில் சுற்றி, அங்கங்கே முறுக்கி விட்ட ஜாயின்ட் ஈர மரத்தையோ கொட்டகைத் தகரத்தையோ தொட்டுக்கொண்டிருக்கும். அடுத்து, எக்ஸ்டென்ஷன் ஒயர் சவுக்குக் கம்பில் ஆணியோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து அன்னதானக் கொட்டகை கிரைண்டர், தண்ணீர் மோட்டார். கடைசியாக, தூரத்து முனையில் யாராவது நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த்தை நியூட்ரலாக இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத போர்டில் இது பல வருஷம் "நன்றாக" ஓடியிருக்கும், அதனால் குறை உங்கள் போர்டின் மேல்தான் வரும். "போன வருஷம் வந்த செட்டுல இந்தத் தொந்தரவே இல்லையே?" என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கேட்பார். பதில் சொல்லி ஜெயிக்க முடியாது, ஒயரைத் திருத்திவிட்டு வாருங்கள்.

ஒரு மணி நேரம் ஓடிப் பிறகு விழுந்தால்

பனி, மழை, அல்லது தண்ணீர் தெளித்த தரை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஒரு கோடை மழை அடித்து ஓய்ந்த பிறகு வரும் போன் எல்லாம் இந்த ரகம். தரையில் கிடக்கும் பிளக்-சாக்கெட் ஜாயின்ட்டுகளைத் தேடுங்கள், அவற்றில் ஒன்று சேற்றில் கிடக்கும். பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டுவது நல்லது என்று நினைக்கிறார்கள், பைக்குள் தண்ணீர் இறங்கினால் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். நாலு செங்கல் வைத்து மேலே ஏற்றுங்கள், ஒயர் மேலிருந்து நேராக சாக்கெட்டுக்குள் இறங்காமல் ஒரு தொங்கல் விட்டு கீழிருந்து ஏறட்டும், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். வெளியே வைக்கும் போர்டுக்கு ஐ.பி. 44 (தண்ணீர் தெறித்தால் தாங்குகிற தரம்) குறைந்தபட்சம். அதுவும் சாக்கெட் மூடி மூடியிருந்தால்தான் கணக்கு.

எல்லா லைட்டும் போட்டால் மட்டும் விழுந்தால்

இங்கே பழுதே இல்லாமல் இருக்கலாம். எல்.இ.டி. பார் லைட், எல்.இ.டி. திரை, ஆம்ப் என ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் பில்டர் வழியாக எர்த்துக்குத் துளித்துளியாகக் கசியும், ஒன்றுக்கு அரை, ஒரு மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிற ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம், அதன் குணமே அப்படித்தான். இருபது முப்பது லைட்டை ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால் அது நிற்காது. இரண்டு மூன்றாகப் பிரித்து மாட்டுங்கள். மெயினிலும் 30, கிளையிலும் 30 இருந்தால் எது விழும் என்று சொல்ல முடியாது, சில நேரம் மொத்த மேடையும் போய்விடும். மெயினில் தாமதமாக விழுகிற 300 மில்லி ஆம்பியர், ஆள் தொடுகிற கிளைகளில் 30 என்பதுதான் சரி. இந்த மாற்றத்தை வீட்டில் வைத்து, லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள்.

எப்போதுமே விழாவிட்டால்

இதற்கு யாரும் போன் செய்வதில்லை. எனக்கு பயமே இதுதான். வாடகைக்கு எடுத்த ஒரு போர்டைத் திறந்து பார்த்தபோது ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்துக் கரண்ட் போகும்படி அதன் மேலிருந்து கீழே லூப் ஒயர் போட்டு, அதற்கு ஸ்லீவ் மாட்டி, நேர்த்தியாக டை கட்டியிருந்தார்கள். செய்தவருக்குக் கைவேலை தெரிந்திருக்கிறது, அது வேறு விஷயம். டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அந்தப் போர்டு அன்றைக்கு வேலைக்கு ஆகாது.

பட்டனுக்கு விழுந்தாலும் ஜெனரேட்டரில் ஓடும்போது முழு நம்பிக்கை வைக்க முடியாது. பட்டன் பெட்டிக்குள்ளேயே சோதனை செய்துகொள்கிறது. ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்காமல் விட்டிருந்தால் பட்டனுக்கு விழும், ஆள் தொட்டால் விழாமல் போகலாம். சாக்கெட்டில் அளந்து பாருங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் 230-ம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டும் காட்டினால் சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் 90, 120 என்று கணக்கில்லாமல் காட்டினால் இணைப்பு இல்லை, அல்லது எர்த்தே இல்லை. ஜெனரேட்டர்காரரைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யாமல் மேடைக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள்.

வைகை மணலில் வேலை என்றால் எர்த்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மேலே காய்ந்த மணலில் ஒரு ராடு அடித்தால் அது குச்சி நட்டதற்குச் சமம். ஈரம் தட்டுகிற ஆழம் வரை இறக்கி, தள்ளித் தள்ளி இரண்டு மூன்று ராடு அடித்து ஒன்றாக இணைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அழகர் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போர்டு, ஒயர் எல்லாம் அப்போதே கரையேறிவிட வேண்டும், தண்ணீர் கண்ணில் படட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எம்.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. வேறு, இது வேறு. எப்போது விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

டப் என்று உடனே விழுந்தால், அந்த லைனில் ஷார்ட். அல்லது பெரிய ஆம்ப் நாலைந்தை ஒரே நேரத்தில் ஆன் செய்திருக்கிறீர்கள், அவை முதல் நொடியில் இழுக்கிற கரண்ட் மிக அதிகம். ஒன்று ஒன்றாக, மூச்சு விட்டு ஆன் செய்தால் நிற்கிறதா பாருங்கள். நின்றால் பழுது இல்லை. எல்லாவற்றையும் கழற்றியும் நிற்கவில்லை என்றால் ஒயரில் ஷார்ட், அந்த ஒயரைச் சுருட்டி ஓரமாக வையுங்கள்.

ஐந்து பத்து நிமிஷம் கழித்து விழுந்தால் லோடு அதிகம். 16 ஆம்பியர் என்றால் சுமார் 3,600 வாட், அவ்வளவுதான். 1000 வாட் போகஸ் மூன்று ஓடும்போது 13 ஆம்பியர் ஆகிவிடும், அதில் ஒருவர் டீ போட இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகினால் இன்னும் 8 ஆம்பியருக்கு மேல். டாங் டெஸ்டரை பேஸ் ஒயரில் மட்டும் மாட்டிப் பாருங்கள், முழு கேபிளையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டு நடந்து போங்கள், எங்கேயாவது ஒரு டீ கெட்டில் கிடைக்கும்.

மதியம் மட்டும் விழுந்து ராத்திரி ஒழுங்காக நின்றால் வெயில்தான் காரணம். எம்.சி.பி.க்கு அளவு குறிப்பது 30 டிகிரிக்கு. நம் ஊர் சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நிழலுக்கு நகர்த்துங்கள், ஈரச்சாக்கு போடாதீர்கள்.

16-ஐக் கழற்றிவிட்டு 32 போடுவது பற்றி: எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயருக்கு 32 போட்டால் இனி அங்கே ப்யூஸ் வேலையை ஒயரே பார்த்துக்கொள்ளும், தீப்பிடித்து.

ஒரு பக்கம் லைட் கண்ணைக் கூசுகிறது, மறுபக்கம் மங்கல்

படிப்பதை நிறுத்திவிட்டு மெயினை இறக்குங்கள். விசாரணை பிறகு. ஒவ்வொரு லைட்டாக அணைக்கவும் கூடாது, ஏனென்றால் ஒரு பக்க லோடு குறையக் குறைய அந்தப் பக்கத்து வோல்டேஜ் இன்னும் ஏறும்.

நியூட்ரல் போய்விட்டது, அதுதான் விஷயம். மூன்று பேஸும் நன்றாக இருக்கும், நியூட்ரல் மட்டும் லூஸாகி இருக்கும், அந்த நிலையில் லோடு குறைவாக உள்ள பேஸுக்கு 300 வோல்ட்டுக்கு மேலேயே போகலாம். ஒரு வருஷம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் இது நடந்தபோது நான் மேடைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். முதலில் நுழைவாயில் சீரியல் செட் திடீரென்று வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது, பக்கத்தில் இருந்தவர் "இப்பத்தான் கரண்ட் நல்லா வருது" என்றார். நான் எழுந்து மெயினை நோக்கிப் பத்தடி வைப்பதற்குள் வரிசையாகப் பட் பட்டென்று சத்தம். இரண்டு ஆம்ப், ஒரு மிக்சர், வீடியோக்காரரின் சார்ஜர், மண்டபத்து பிரிட்ஜ். கடைசியில் திறந்து பார்த்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் (ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றுகிற சுவிட்ச்) நியூட்ரல் ஒயர் முனையின் லக் கறுத்துப் போய், கையால் தொட்டதும் ஆடியது. ஒரு போல்ட்டை இறுக்காததற்கு அந்த சீசன் வருமானத்தில் பாதி போய்விட்டது.

உறுதி செய்துகொள்ள: வீணானாலும் பரவாயில்லை என்கிற குண்டு பல்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று பேஸின் சாக்கெட்டுகளிலும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் அளவு எடுங்கள். 290, 170, 225 என்று சிதறிக் கிடந்து, பேஸுக்கும் பேஸுக்கும் மட்டும் 400-ஐ ஒட்டி ஒழுங்காக இருந்தால் நியூட்ரல்தான்.

எங்கே தேடுவது: முதலில் 5 பின் பிளக் முழுதாக உள்ளே போய் லாக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி செருகி விட்டிருப்பார்கள். அடுத்து போர்டின் நியூட்ரல் பட்டையில் ஸ்க்ரூ. பிறகு சேஞ்ச் ஓவர். பிறகு ஜெனரேட்டர் டெர்மினல். இவ்வளவும் சரி என்றால் கோளாறு கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ இருக்கிறது, அது ஈ.பி. லைன்மேன் வேலை, நீங்கள் ஏறாதீர்கள். சேஞ்ச் ஓவரிலும் ஜெனரேட்டரிலும் கை வைப்பது லைசென்ஸ் உள்ள ஒயர்மேன். உங்கள் எல்லை போர்டின் பிளக் வரைதான்.

இதை வரவிடாமல் செய்ய எனக்குத் தெரிந்த மூன்று வழிகள். நியூட்ரலில் ப்யூஸ், தனி சுவிட்ச் எதுவும் வைக்காதீர்கள். தனித்தனி ஒயராக இழுத்தால் பேஸுக்கு முன்னாலேயே நியூட்ரலை மாட்டி, பேஸைக் கழற்றிய பிறகே நியூட்ரலைக் கழற்றுங்கள். மூன்றாவது, மூன்றரை கோர் கேபிளை விட்டொழியுங்கள். அதில் நியூட்ரல் பேஸில் பாதி சைஸ்தான் இருக்கும். பழைய காலத்து லோடுக்கு அது தாங்கியது. இப்போது மேடை முழுக்க எல்.இ.டி., மூன்று பேஸிலும் சமமாகப் பிரித்துப் போட்டாலும் நியூட்ரலில் பேஸ் அளவுக்கே ஆம்பியர் ஓடுவதை டாங் டெஸ்டரில் நீங்களே பார்க்கலாம். 5 கோர், எல்லாம் ஒரே சைஸ் என்று வாங்குங்கள். மெயினில் வோல்டேஜ் ஏறினால் வெட்டிவிடுகிற ரிலே ஒன்றும் வையுங்கள், ஒரு ஆம்ப் ரிப்பேர் செலவில் பாதிகூட ஆகாது.

மைக்கில் வாய் வைத்தால் சுரீர் என்கிறது

பாடுகிறவர் சொன்னால் நம்புங்கள். "லேசாத்தான்ணே இருக்கு, பாடிருங்க" என்று சொல்லாதீர்கள், அவர் வெறுங்காலோடு ஈர மேடையில் நிற்கிறார்.

மைக்கின் வலைக்கும் போர்டின் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 110-க்குப் பக்கம் காட்டினால் பெரும்பாலும் மிக்சரின் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாக இருக்கும், அல்லது பிளக்கில் எர்த் பின் உடைக்கப்பட்டிருக்கும். அந்த ஒயரை மாற்றினாலே முடிந்தது. 220-ஐ ஒட்டிக் காட்டினால் பேஸ் நேராகப் பாடியில் இருக்கிறது, மெயினை இறக்கி அந்தக் கருவியைத் தூக்கி வண்டியில் வைத்துவிடுங்கள், அது ஒர்க் ஷாப்புக்குப் போக வேண்டியது.

மிக்சர் தனியே நன்றாக இருக்கிறது, கீபோர்டு தனியே நன்றாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத் தொட்டால் மட்டும் அடிக்கிறது என்றால் ஒன்று ஈ.பி.யிலும் இன்னொன்று ஜெனரேட்டரிலும் ஓடுகிறது, இரண்டுக்கும் எர்த் வேறு வேறு. கச்சேரிக்காரர் கோவில் சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில் தன் ஒயரைச் செருகிக்கொள்வதால் இது வருகிறது. மேடையில் கைபடும் எல்லாமே ஒரே போர்டிலிருந்து வரட்டும்.

எர்த் தொடர்ச்சியைப் பார்க்க: கரண்ட் இல்லாமல், போர்டின் எர்த் பட்டைக்கும் கடைசி சாக்கெட்டின் எர்த்துக்கும் ஓம் அளவு. ஒரு ஓமுக்குள் வர வேண்டும்.

ஸ்பீக்கரில் கொர்ர்ர் என்று இரைச்சல்

மைக் ஒயர்களை மிக்சரிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதில் நிற்கிறதோ அந்த ஒயர் அல்லது அந்தக் கருவி. எதிலும் நிற்கவில்லை என்றால் மிக்சரும் ஆம்ப்களும் வேறு வேறு போர்டில் இருக்கும், ஒன்றாக்குங்கள். லைட்டை மங்கலாக்கும்போது மட்டும் இரைச்சல் மாறினால் டிம்மர்தான், சவுண்டுக்கு வேறு பேஸ் கொடுத்து, மைக் ஒயரையும் கரண்ட் ஒயரையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நின்றுவிடும். தெரியும். அப்படி உடைத்த பிளக்தான் அடுத்த வாரம் வேறு ஊரில் மேலே சொன்ன சுரீர் கேஸாக வரும். இரைச்சலுக்கு மைக் ஒயரின் நடுவில் மாட்டுகிற ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் பெட்டி சிறியதாகவே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பிளக் சூடாகிறது, கருகல் வாடை வருகிறது

கூட்டத்தில் கற்பூரம், சாம்பிராணி வாசத்தோடு கலந்து வருவதால் இதை லேட்டாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பேக்லைட் கருகும்போது மீன் வாடை மாதிரி ஒன்று வரும், பழகினால் தெரியும்.

லோடு போட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு சுற்று வாருங்கள். சூடு பார்க்கும் துப்பாக்கி மீட்டர் இருந்தால் நல்லது. இளஞ்சூடு பரவாயில்லை, ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகச் சூடாக இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. அந்த லைனை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பின்னைப் பாருங்கள். கறுத்திருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது, ஜோடியாக சாக்கெட்டையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கருகிய சாக்கெட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். பின் நன்றாக இருந்தால் உள்ளே ஸ்க்ரூ லூஸ்.

முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டை நான் எங்கே பார்த்தாலும் வெட்டிவிடுவேன், அதிலும் அலுமினியமும் காப்பரும் சேர்த்து முறுக்கியதாக இருந்தால் பேச்சே இல்லை.

டிரம்மில் சுற்றிய ஒயரே சூடாக இருந்தால் முழுவதையும் அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்துப் போட்டால் 13, 16 ஆம்பியர் தாங்குகிற டிரம், சுற்றியபடியே இருந்தால் 5 ஆம்பியருக்கே திணறும். மிச்ச ஒயர் அசிங்கமாகத் தரையில் கிடக்கிறது என்று மறுபடி சுற்றி வைக்கிற சுத்தக்காரர்கள் ஒவ்வொரு டீமிலும் ஒருவர் உண்டு.

பெட்டிக்குள்ளிருந்தே வாடை வந்தால் மெயினை இறக்கி, 5 பின்னைக் கழற்றி, போர்டை மாற்றுங்கள். அது எரிய ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் வேண்டாம், உலர் பவுடர் அல்லது கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர்.

தூரத்து லைட் மட்டும் மங்கல்

ஒயர் மெலிசு, தூரம் அதிகம். போர்டில் அளந்து, கடைசி லைட்டிலும் அளந்து பாருங்கள். 50 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் ஓட்டினால் 1 ஸ்கொயர் ஒயரில் கிட்டத்தட்ட 20 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5 ஸ்கொயரில் 8 வோல்ட்தான். ஒயரைப் பெரிதாக்குங்கள், அல்லது பெரிய கேபிளில் ஒரு சின்ன போர்டை அந்த முனைக்கே கொண்டுபோய் வையுங்கள். போர்டிலேயே 190 என்று காட்டினால் ஊர் லைனே அப்படி. ஸ்டெபிலைசர் தேடாதீர்கள், ஜெனரேட்டருக்கு மாறிவிடுங்கள்.

ஜெனரேட்டர் மூச்சு வாங்குகிறது

லைட் எல்லாம் சேர்ந்து விம்மி விம்மி எரியும், என்ஜின் சத்தமும் கூடிக் குறையும். டீசல், பில்டர், இதை முதலில் கேளுங்கள். அப்புறம் மூன்று பேஸிலும் ஆம்பியர் பாருங்கள். 62.5 கே.வி.ஏ. என்றால் பேஸுக்கு 87 ஆம்பியர், 25 கே.வி.ஏ. என்றால் 35 மட்டுமே. மொத்த லோடு குறைவாக இருந்தாலும் அவ்வளவையும் ஒரே பேஸில் ஏற்றியிருந்தால் திணறும். பிரித்துப் போட்டும் பிரீக்வன்சி 50-ல் நிற்காமல் ஆடினால், அல்லது வோல்டேஜ் 250-ஐத் தாண்டினால், லோடை இறக்கிவிட்டு ஜெனரேட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், வேகத்தைப் பிடிக்கிற கவர்னரும் வோல்டேஜைப் பிடிக்கிற ஏ.வி.ஆரும் நம் கையில் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது டீசல் ஊற்றக் கூடாது. சத்தம் கேட்கிறது என்று மண்டபத்துச் சந்துக்குள் ஜெனரேட்டரைத் தள்ளி விடவும் கூடாது, புகை உள்ளே இறங்கி ஆளை மயக்கிவிடும்.

ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறியதும் மோட்டார், புளோயர், ராட்டினம் எதுவாவது தலைகீழாகச் சுற்றினால் பேஸ் வரிசை மாறியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள், கரண்டை எடுத்துவிட்டு இரண்டு பேஸை மாற்றி மாட்டினால் சரியாகும், அதை ஒயர்மேன் செய்யட்டும். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி "வீடு பூராவும் கரண்ட்" கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி ஏறி, லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் இருக்கும் லைன்மேனை அடிக்கும்.

எதையும் பார்க்காமல் கூப்பிட வேண்டியவை

மேலே போகும் லைனுக்குக் கீழே பந்தல், கட்-அவுட், கொடிக்கம்பம், சப்பரம். 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மேலே போன உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்தார்கள். 11,000 வோல்ட் லைனுக்கு நம் போர்டில் இருக்கும் எந்த டிரிப்பரும் காவல் இல்லை. ஊர்வலப் பாதையை இரண்டு நாள் முன்பே பகலில் நடந்து பார்த்து, மின்வாரிய ஆபீசில் எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987.

கம்பத்தில் கொக்கி போட்டு எடுத்த கரண்ட் என்று தெரிந்தால் போர்டை மாட்டாதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தில் 135-வது பிரிவு திருட்டுக்கு. அதைவிட, கொக்கியில் எர்த்தும் வராது, ப்யூஸும் வராது. தற்காலிக இணைப்பு எழுதி வாங்கலாம்.

ஆளுக்கு ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் மெயினை இறக்குங்கள், அவரைத் தொடாதீர்கள். மெயின் எங்கே என்று தெரியாவிட்டால் காய்ந்த மூங்கிலாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிடுங்கள். உயர் அழுத்த லைன் என்றால் அதுவும் கூடாது, பக்கத்திலேயே போகாமல் லைன் நிற்கும்வரை தள்ளி நில்லுங்கள். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். மூச்சு இல்லை என்றால் இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லண்ணே" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அடித்த போர்டு அன்றைக்கு ஓரம்தான். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) வைத்து, ஒரு மெகாஓமுக்கு மேல் காட்டிய பிறகே மறுபடி வண்டி ஏறும்.